கசடும் பற்றுச்சீட்டும்

மோட்டார் வண்டியொன்றின் இயந்திரம் பழுதுற்றதும் இரு வினாக்கள் எழுகின்றன. பழுதுக்குக் காரணம் யாது என்பது ஒன்று. அதற்குப் பொறுப்பாளி யார் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை கூறுபவன் இயந்திரத் தொழிலாளி. இரண்டாவது வினாவோ, பல வேளைகளில் நீதிமன்றம் வரை சென்றுவிடுகிறது. ஐக்கிய அமெரிக்காவிலே ஒரு குடும்ப வண்டியின் உரிமையாளர் பலருக்கு நேர்ந்தது இதுவே.

டொயோட்டா நிறுவனத்தின் சியன்னா என்னும் சிறிய வான், 1998ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. கென்டக்கி மாநிலத்து ஜோர்ஜ்டவுன் நகரிலே அது உற்பத்தியாயிற்று. மூன்று லீற்றர் கொள்ளளவும் ஆறு உருளைகளும் கொண்ட இயந்திரம் அதற்குப் பொருத்தப்பட்டிருந்தது. நீண்ட காலம் உழைக்கும் வண்டி என்ற நம்பிக்கையில் குடும்பத்தினர் பலர் அதனை வாங்கினர்.

சில ஆண்டுகள் சென்றதும் முறைப்பாடுகள் எழலாயின. எண்ணெய் விரைவாகக் குறைந்தது. புகைக்குழாயிலே நீலப்புகை தோன்றியது. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு மின்னியது. சில வண்டிகளிலே இயந்திரம் முற்றாக இறுகி நின்றுவிட்டது. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே எண்ணெய் எண்ணெயாக இல்லை. கரிய களியாகப் படிந்து கிடந்தது.

இக்கசடு உண்டாகும் விதத்தை அறிந்தால்தான் வழக்கின் தன்மை விளங்கும். இயந்திரத்தின் உள்ளே உராயும் உறுப்புகளுக்கிடையில் மெல்லிய படலமாக நின்று தேய்வைத் தடுப்பதும், வெப்பத்தை ஏந்திச் செல்வதும் எண்ணெயின் தொழில்கள். மிகுந்த வெப்பத்தினால் எண்ணெய் சிதைகிறது. எரிந்த வாயுக்களும் எரியாத பெற்றோலும் நீராவியும் அதனோடு கலக்கின்றன. காலத்தில் மாற்றாவிடின் அது தடித்துக் களியாகிறது. எண்ணெயை உறிஞ்சும் வலைக்கண்களை அக்களி அடைத்துவிட்டால், மேலுள்ள உறுப்புகளுக்கு எண்ணெய் போய்ச் சேராது. உலோகம் உலோகத்தோடு உராய்ந்து இயந்திரம் அழிகிறது.

எண்ணெயை ஒழுங்காக மாற்றாமையே காரணம் என்றது நிறுவனம். பராமரிப்பின்மையால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் செல்லாது என்ற விடையே உரிமையாளர் பலருக்குக் கிடைத்தது. புதிய இயந்திரத்துக்கோ பல ஆயிரம் டொலர் வேண்டும். வழிகாட்டி நூலிற் கூறியவாறே எண்ணெய் மாற்றியதாகப் பலர் வாதாடினர். பிற வண்டிகளிலே இதே பழக்கம் கேடு விளைக்காதபோது இவ்வியந்திரம் மட்டும் ஏன் இவ்வாறாகிறது என்றும் வினவினர்.

இவ்விடத்திலே நுண்ணிய உண்மையொன்று மறைந்து கிடக்கிறது. சாதாரணமான ஓட்டத்துக்கு ஒரு கால எல்லையும், கடுமையான ஓட்டத்துக்கு அதனினும் குறுகிய எல்லையும் வழிகாட்டி நூல்கள் விதிக்கின்றன. கடுமையான ஓட்டம் என்றதும் மலையேற்றமும் பாரம் இழுத்தலுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் குளிர்காலத்துக் குறும்பயணமும், நின்று நின்று செல்லும் நகர ஓட்டமும் அவ்வகையைச் சேர்ந்தனவே. இயந்திரம் நன்கு சூடேறு முன்னரே நிறுத்தப்படுவதால், உள்ளே சேர்ந்த நீர் ஆவியாகி வெளியேறுவதில்லை. பிள்ளைகளைப் பாடசாலையில் விடுதல், கடைக்குச் சென்று மீளுதல் என்பனவே குடும்ப வானின் அன்றாட வேலைகள். வண்டியை மென்மையாக நடத்துவதாகத் தாய் எண்ணுகிறாள். இயந்திரமோ கடும் உழைப்பிற் கிடக்கிறது. குடும்பத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டி குடும்ப ஓட்டத்தைத் தாங்கவேண்டாமா என்று உரிமையாளர் கேட்டது நியாயமான கேள்வியே.

முறைப்பாடுகள் தனித்தனியாக இருந்த வரையில் அவை தனி மனிதரின் கவனக்குறைவாகவே கொள்ளப்பட்டன. அவை திரண்ட பின்னர் நிலைமை மாறிற்று. 2002ஆம் ஆண்டு நிறுவனம் உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பிச் சிறப்புத் திட்டமொன்றை அறிவித்தது. வண்டி முதலில் விற்கப்பட்ட நாளிலிருந்து எட்டு ஆண்டுகள் வரை, ஓடிய தூரம் எவ்வளவாயினும், கசடினால் நேர்ந்த சேதத்தைத் திருத்திக் கொடுக்க அது முன்வந்தது. நிறுவனத்தின் பிற வண்டிகளையும் சேர்த்து ஏறத்தாழ 33 இலட்சம் வண்டிகள் இத்திட்டத்துள் அடங்கின. உரிமையாளர் தொடுத்த கூட்டு வழக்கும் 2007ஆம் ஆண்டு சமரசத்தில் முடிவுற்றது.

எனினும், எண்ணெய் மாற்றியமைக்கு நியாயமான சான்று காட்டவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. பற்றுச்சீட்டுகளைப் பேணியவர்க்கு வழி எளிதாயிற்று. வீட்டு முற்றத்திலே தம் கையாலேயே எண்ணெய் மாற்றியவருக்கும், முந்திய உரிமையாளரின் பழக்கம் அறியாது பழைய வண்டியை வாங்கியவருக்கும் அது கடினமாயிற்று. உழைப்பு உண்மையாக இருந்தாலும், அதனை மெய்ப்பிக்கும் தாள் இல்லாதபோது பயன் குன்றிவிடுகிறது.

எனவே, பழைய வான் வாங்குவோர் மேற்பூச்சின் பளபளப்பில் மயங்காது, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து விளக்கொளியில் உட்புறத்தை நோக்குதல் நன்று. கரிய களி தென்படின் விலகுவதே அறிவுடைமை. அளவுகோலை அடிக்கடி எடுத்துப் பார்க்கவேண்டும். எண்ணெய் விளக்கு எரிந்தால், வீடு அண்மையில்தானே என்று ஓட்டிச் செல்லாமல் அக்கணமே நிறுத்தவேண்டும். எண்ணெய் மாற்றிய நாளையும் ஓடிய தூரத்தையும் குறித்து, பற்றுச்சீட்டோடு சேர்த்து வைக்கவேண்டும். எண்ணெய் இயந்திரத்தைக் காக்கும். அச்சிறு தாள் உரிமையாளரைக் காக்கும்.