வாசித்துக் காட்டும் குரல்

 

"பிள்ளையின் காதிலிருந்து அந்த இயர்போனைக் கழற்ற முடியவில்லை, மௌலவி" எனப் பெற்றோர் பலர் என்னிடம் முறையிடுகின்றனர். அதில் நியாயம் இருக்கவே செய்கின்றது. இசை பற்றிய மார்க்கச் சட்டத்தைப் பிறிதொரு தினத்தில் ஆராய்வோம். இன்று நான் பேச விரும்புவது, அதே இயர்போனை வேறொரு தேவைக்காக அணிந்திருப்போரைப் பற்றியதாகும்.

1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரே குர்ஸ்வைல் என்பவர், அச்சிட்ட பக்கத்தை உரத்து வாசிக்கும் இயந்திரமொன்றை அறிமுகம் செய்தார். விழிப்புலனற்ற பாடகரான ஸ்டீவி வொண்டர் அதனை வாங்கினார். அவ்விருவருக்கும் இடையே ஏற்பட்ட தொடர்பு 1982இல் ஓர் இசைக்கருவி நிறுவனம் தோன்றக் காரணமாயிற்று. பியானோ முதலான வாத்தியங்களின் ஒலியை மின்னணு முறையில் எழுப்பும் அந்நிறுவனத்தின் கருவி 1984இல் வெளிவந்தது. நூலை வாசிக்கப் பிறந்த முயற்சி இசையுலகையும் மாற்றிவிட்டது. ஆனால், அவ்வாசிப்பு இயந்திரத்தை விலை கொடுத்து வாங்க எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

முப்பது ஆண்டுகள் கழிந்தும் விலையே தடையாக நின்றது. கணினித் திரையை வாசிக்கும் மென்பொருளின் விலை, கணினியின் விலையையே மிஞ்சியிருந்தது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், ஜேம்ஸ் தெஹ் ஆகிய இருவரும் விழிப்புலனற்றவர்கள்; சிறுவயதில் ஓர் இசைப் பயிற்சி முகாமில் நண்பர்களானவர்கள். கரன் 2006இல் என்விடிஏ என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினார். தெஹ் அவருடன் இணைந்தார். அது இன்றுவரை இலவசமாகவே கிடைக்கின்றது. தமிழையும் வாசிக்கின்றது. கையடக்கத் தொலைபேசிகளிலும் இத்தகைய குரல் இப்போது உள்ளேயே அமைந்திருக்கின்றது.

கருவி வந்துவிட்டது. எஞ்சியிருக்கும் தடை எங்கே இருக்கின்றது தெரியுமா? நம் கைகளில்தான்.

எனக்குத் தெரிந்த விழிப்புலனற்ற இளைஞர் ஒருவர் தொழில் தேடிக்கொண்டிருந்தார். தொலைபேசி அழைப்புகளுக்குப் பதிலளிக்கும் வேலைக்கான விளம்பரமொன்று, வாட்ஸ்அப்பில் படமாக அவருக்கு வந்தது. குரல் அதனை "படம்" என்று மட்டுமே கூறியது. சகோதரி வீடு திரும்பி வாசித்துக் காட்டியபோது விண்ணப்ப முடிவுத் திகதி கடந்திருந்தது. ஊரின் ஜனாஸா அறிவித்தல்களும் அவருக்கு அவ்வாறே வருகின்றன. படத்திலுள்ள எழுத்தை அறியும் வசதிகள் இன்று உண்டுதான். ஆயினும் பூவேலைப்பாட்டின் மீது அலங்காரமாகப் பொறித்த தமிழ் அவற்றுக்கு எளிதில் பிடிபடுவதில்லை.

பிறரைக் குறை கூறுவானேன்? எனது உரையொன்றைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அவருக்கு அனுப்பினேன். பாமினியில் நம் கண்ணுக்குத் தமிழ் தெரிகின்றது. கணினிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். நாம் "அம்மா" என எழுதினால், குரல் "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று வாசிக்கும். நான்கு பக்கங்களை அவர் இப்படிக் கேட்டிருக்கிறார்! எனக்கு வெட்கமாக இருந்தது.

நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களுள் ஒருவரான இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் விழிப்புலனற்றவர். பொழுது புலர்ந்துவிட்டது என மக்கள் சொன்ன பின்னரே அவர் அதான் சொல்வார் என ஹதீஸில் வருகின்றது. விடியலைத் தெரிவிக்க ஊரில் ஆட்கள் இருந்தனர். தம் பணியை அவர் செய்தார்.

இளைஞர்களே, பள்ளிவாசல் அறிவித்தல்களைத் தயாரிப்போர் பெரும்பாலும் நீங்கள்தாம். அழகிய படத்தை அனுப்புங்கள். அதன் கீழே அதே செய்தியை யுனிகோடில் இரண்டு வரி எழுதுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு இதற்கு ஒரு நிமிடம் போதும்.

என் உரையை யுனிகோடில் மீண்டும் தட்டச்சுச் செய்து அனுப்பினேன். அன்றிரவே பதில் வந்தது: மூன்றாம் பந்தியில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருக்கின்றனவாம்.