எதை அளக்கின்றோம், எதை விடுகின்றோம்?

(நோர்வேயில் பெண்கள் நாள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆணும் பெண்ணும் சமம் என்று மேடைகளில் முழங்குவது எளிது. எந்த அளவுக்குச் சமம் என்று வினவினால், விடை கூற ஓர் அளவுகோல் வேண்டும். உலகப் பொருளாதார மன்றம் 2006ஆம் ஆண்டு முதல் அத்தகைய சுட்டெண் ஒன்றை வெளியிட்டு வருகின்றது. பொருளாதாரம், கல்வி, உடல்நலம், அரசியல் அதிகாரம் ஆகிய நான்கு துறைகளிலும் ஆண், பெண் இடைவெளியை அது கணக்கிடுகின்றது.

அதன் முதல் அறிக்கையில் 115 நாடுகளுள் இலங்கை 13ஆவது இடத்தைப் பெற்றது. வியப்பாக இல்லையா? கடந்த 50 ஆண்டுகளில் பெண்ணொருவர் நாட்டுத் தலைமையில் இருந்த காலமும் அதில் புள்ளிகளாகச் சேர்கின்றது. சிறிமாவோ, சந்திரிகா ஆகிய இருவரின் ஆட்சிக்காலமே இலங்கையை உயர்த்தியது. அதே வேளையில், நாடாளுமன்றத்தின் 225 உறுப்பினருள் பெண்கள் 6 விழுக்காட்டையும் எட்டியிருக்கவில்லை. ஒரு குடும்பத்துப் பெண்கள் அரியணை ஏறியதை, நாட்டுப் பெண்கள் அனைவரதும் ஏற்றமாக எண்கள் காட்டின. பழைய ஆட்சிக்காலங்கள் அந்த 50 ஆண்டுக் கணக்கிலிருந்து நழுவத் தொடங்கியதும் அந்த முட்டும் தளர்ந்தது. 2024 அறிக்கையில் 146 நாடுகளுள் இலங்கை 122ஆவது இடத்தில் நின்றது.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. நாடு முழுவதற்குமான ஒற்றை எண், போரிலே துணையை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கும் வடக்குக் கிழக்குப் பெண்ணைத் தனித்துக் காட்டுவதில்லை.

ஆகவே எண்களை ஒதுக்கிவிட வேண்டுமா? கூடாது. எண்ணியதனாலேயே குறை தெரிந்தது. குறை தெரிந்ததனாலேயே சட்டம் பிறந்தது. இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களில் ஏறத்தாழ 2 விழுக்காடாக இருந்த பெண்கள், 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் நடந்த 2018 தேர்தலின் பின் 20 விழுக்காட்டைக் கடந்தனர்.

ஆனால் சமையல், துப்புரவு, பிள்ளை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு என ஊதியமில்லா உழைப்பு நெடுங்காலம் எண்ணப்படாமலே கிடந்தது. நோர்வே 1970களின் தொடக்கத்திலேயே மக்களின் நேரப் பயன்பாட்டை ஆய்வு செய்தது. இலங்கையின் முதல் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு 2017இலேயே நடந்தது.

பெற்றோரே, நம் இல்லங்களில் அந்த ஆய்வு நடந்ததுண்டா? ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியை எடுங்கள். யார் எத்தனை மணித்தியாலம் வீட்டுவேலை செய்தார்கள் என்று எழுதுங்கள். மகன் வெளியே செல்ல எத்தனை கேள்விகள், மகளுக்கு எத்தனை கேள்விகள் என்பதையும் எழுதுங்கள். இளையோரே, அந்தக் கணக்கை நீங்களே வைத்திருங்கள். ஆறு மாதத்தின் பின் மீண்டும் எழுதி ஒப்பிடுங்கள்.

பட்டியலில் நாம் வாழும் நாடு முன்னணியில் நிற்பதால் நம் வீடும் முன்னணியில் நிற்கின்றது என்று பொருளாகாது. அந்தக் கணக்கை நாமே எழுத வேண்டும்.