கடைசிப் பாட்டு

ஓர் இசைத்தட்டின் முதற்பாட்டு நம்மை உள்ளே அழைக்கிறது; கடைசிப் பாட்டு விடை கொடுத்து அனுப்புகிறது. அழைப்பது எளிது, விடை கொடுப்பதே அரிது.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1966ஆம் ஆண்டில் ‘ரிவால்வர்’ என்னும் தட்டை வெளியிட்டனர். அதற்கென முதன்முதலாக ஒலிப்பதிவு செய்த பாட்டையே அவர்கள் இறுதியில் வைத்தார்கள். அதன் விந்தையான ஒலிகளைக் கேட்டபின் வேறொரு பாட்டில் மனம் செல்லாது என்பதைக் கேட்போர் உணர்வர்.

மறு ஆண்டில் வந்த ‘சார்ஜண்ட் பெப்பர்’ இன்னும் நுட்பமானது. கற்பனையான ஒரு வாத்தியக் குழுவின் கச்சேரிபோல் அமைந்த தட்டு அது. தொடக்கப் பாட்டு மீண்டும் ஒலிக்க, குழு விடைபெறுகிறது. எல்லாம் முடிந்தது என்று நாம் எண்ணும் வேளையில், ‘எ டே இன் தி லைஃப்’ மெல்லத் தொடங்குகிறது. வேடிக்கை ஓய்ந்தது, இனி வாழ்க்கை! 40 வாத்தியக் கலைஞர்கள் தாழ்ந்த சுரத்திலிருந்து உச்சிக்கு ஏறுகின்றனர். பிறகு பல பியானோக்கள் ஒருங்கே ஒருமுறை முழங்குகின்றன. அம்முழக்கம் தேயத் தேய, பதிவாளர் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போனார். ஆதலால் அது 40 விநாடிகளுக்கு மேலும் நீடித்து மௌனத்தில் கரைகிறது. அந்த மௌனமும் பாட்டின் பகுதியாகிவிடுகிறது.

மாணவ நண்பர்களே! பாட்டுகளைத் தனித்தனியே பொறுக்கிக் கேட்கும் காலம் இது. முன்வந்தவற்றைக் கேளாதவருக்கு முடிவின் பொருள் விளங்குமா? ஒருமுறையேனும் ஒரு தட்டை முதலிலிருந்து இறுதிவரை கேளுங்கள். முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். சிறிது நேரம் சும்மா இருங்கள். நல்ல கடைசிப் பாட்டு அங்கேதான் தன் வேலையைச் செய்கிறது.