குதிரைக்கு எத்தனை பல்லு? டிக்கன்ஸின் ‘ஹார்ட் டைம்ஸ்’

இந்த வாரம் நாம பேசப்போற நாவல், சார்லஸ் டிக்கன்ஸோட ‘ஹார்ட் டைம்ஸ்’. 1854-ல், அவரே நடத்தின வாரப் பத்திரிகையில தொடரா வந்தது. கதை நடக்கிற ஊர் கோக்டவுன். கற்பனை ஊர்தான். ஆனா அந்தப் பஞ்சாலைப் புகை நிஜம். எழுதுறதுக்கு முன்னாடி, ஆலை வேலைநிறுத்தம் நடந்துட்டிருந்த பிரெஸ்டன் நகரத்துக்கு டிக்கன்ஸ் நேர்ல போய்ப் பார்த்திருக்கார்.

அந்த ஊர்ல கிராட்கிரைண்ட்னு ஒருத்தர். தகவல் மட்டும்தான் கல்வி, கற்பனையெல்லாம் வீண்னு நம்புறவர். அவரோட பள்ளிக்கூடத்துக்கு சிஸ்ஸின்னு ஒரு பொண்ணு வர்றா. சர்க்கஸ்ல குதிரைகளோட வளர்ந்தவ. ‘குதிரைன்னா என்ன?’னு கேட்டா முழிக்கிறா. பிட்ஸர்னு ஒரு பையன் எழுந்து, நாலு கால், புல் தின்னும், நாப்பது பல்லுன்னு ஒப்பிச்சுப் பாராட்டு வாங்கிடறான்.

இன்னொரு நாள் சிஸ்ஸிகிட்ட ஒரு கேள்வி. பத்து லட்சம் பேர் வாழற ஊர்ல, வருஷத்துக்கு இருபத்தஞ்சு பேர் மட்டும் தெருவுல பட்டினியால சாகறாங்க. இந்த விகிதத்தைப் பத்தி என்ன சொல்ற? மத்தவங்க எத்தனை லட்சம் பேர் இருந்தாலும், பட்டினி கிடந்தவங்களுக்குக் கஷ்டம் ஒண்ணுதானேன்னு அவ சொல்றா. தப்பான பதிலாம்.

இங்க எனக்குப் புத்தகத்தை மூடத் தோணுச்சு.

எங்க ஊர் நெட்டப்பாக்கம். எட்டாவது படிக்கும்போது பொது அறிவுப் போட்டிக்காக, திண்ணையில உக்காந்து சத்தமா மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன். ‘1936 ஜூலை 30. புதுச்சேரி பஞ்சாலைத் தொழிலாளர்கள் போராட்டம். பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூடு. இறந்தவர்கள் 12 பேர்.’ பக்கத்துல ஆயா மல்லாட்டை உரிச்சிட்டிருந்தாங்க. அவங்க பொறந்தது முதலியார்பேட்டை. அவங்க அப்பா மில்லு வேலைக்குப் போனவர்.

“அந்தப் பன்னெண்டு பேரு வூட்ல எத்தினி புள்ளைங்க இருந்துச்சோ”ன்னாங்க.

“அதெல்லாம் கேள்வில வராது ஆயா”ன்னேன்.

போட்டியில முதல் பரிசு எனக்குத்தான். ஆயாகிட்ட அவங்க அப்பாவைப் பத்தி அப்புறம் ஒரு நாளும் நான் கேக்கல. இப்ப கேக்க அவங்க இல்ல. சிஸ்ஸி சொன்ன பதிலைத்தான் ஆயா அன்னிக்கே சொன்னாங்க. நான் பிட்ஸரா இருந்தேன்.

அதுக்காக எண்ணே வேணாம்னு நான் சொல்லல. அந்தத் தொழிலாளர்கள் கேட்டதே ஒரு எண்தான்: எட்டு மணி நேர வேலை. 1937-ல் அது சட்டமாவும் ஆச்சு. அந்த எட்டுக்குப் பின்னாடி, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பணும்னு நினைச்ச ஒரு மனுஷன் இருக்கான். அவனைப் பத்திக் கேக்காம எண்ணோட நிறுத்திக்கிட்டாதான் பிரச்சனை.

கிராட்கிரைண்ட் இதைத் தன் மக லூயிசாகிட்ட கத்துக்கிறார். தன்னைவிட முப்பது வயசு மூத்த ஆலை முதலாளியைக் கட்டிக்கலாமான்னு அவ யோசிக்கும்போது, அப்பா புள்ளிவிவரம் சொல்றார். கட்டிக்கிறா. கடைசியில ஒரு மழை ராத்திரி, உடைஞ்சுபோய்த் திரும்பி வந்து அப்பா காலடியில விழறா. அதுக்கு அவர்கிட்ட எந்தத் தகவலும் இல்ல.

டிக்கன்ஸ் நாவல்கள்ல இது சின்னது. ஒரு வார இறுதியில முடிச்சிடலாம். முடிச்சதும் வீட்டுல பெரியவங்க இருந்தா, அவங்க அப்பா என்ன வேலை பார்த்தார்னு கேளுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.