தண்ணீர் போகும் வழியில் நுரையும் போகும்

இன்று ஒரு சின்ன விஷயத்தைப் பேசுவோம். கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிறோம். அப்போது ஷாம்பு கண்ணில் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

“நாங்கள் நாலு பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஆளாக்கியவர்கள். நேற்றுப் பிறந்த பெண் எங்களுக்குச் சொல்ல வந்துவிட்டாளே!” என்று பாட்டிமார்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். உங்கள் கைப்பழக்கத்தில் நல்லது நிறைய இருக்கிறது. ஆனால் உங்கள் காலத்தில் பயத்தம்மாவும் சீயக்காயும்தான் இருந்தன. இன்று ஷாம்பு பாக்கெட் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறது. பெரியவர்களுக்கு வாங்கிய பாக்கெட்டைக் கிழித்துக் குழந்தை தலையிலும் தேய்த்துவிடுகிறோம். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு தடவை கண் எரிந்தால் என்ன ஆகும்? குழந்தைக்குப் பேச வராது. ஆனால் பயம் மனதில் தங்கிவிடும். அடுத்த முறை சொம்பைப் பார்த்ததுமே வீறிட்டு அழும். உடம்பை முறுக்கும். நுரைபட்ட கை வழுக்கும். நாமும் பயந்து அவசர அவசரமாக ஊற்றுவோம். அவசரத்தில் மறுபடியும் கண்ணில் போகும். மூக்கிலும் போகும். பிறகு குளியல் என்றாலே வீட்டில் சண்டைதான்.

கண் ஏன் எரிகிறது?

கண்ணின் மேல் மெல்லிய ஈரப் படலம் ஒன்று இருக்கிறது. அதில் கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் உண்டு. அது கண்ணைக் காய்ந்துபோகாமல் காக்கிறது. ஷாம்புவின் வேலை எண்ணெயை எடுப்பது. தலையில் உள்ள எண்ணெய், கண்ணில் உள்ள எண்ணெய் என்று அதற்கு வேறுபாடு தெரியாது. கண்ணில் பட்டால் அந்தப் படலத்தைக் கலைத்துவிடும். அதனால்தான் எரிகிறது.

நமக்குக் கண் எரிந்தால் கண்ணீர் பெருகும். அது கண்ணைக் கழுவிவிடும். பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்கள் அழுதாலும் கண்ணீர் அதிகம் வழியாது. அதனால் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

“அப்படியானால் சீயக்காய் தேய்க்கிறேன். பூந்திக்கொட்டை தேய்க்கிறேன். அது இயற்கைதானே?” என்று ஓர் அக்கா கேட்டார். நல்ல கேள்வி. அவையும் நுரைத்து எண்ணெயை எடுக்கும் பொருள்கள்தான். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். தூளாக இருந்தால் கண்ணை உறுத்தவும் செய்யும். கைக்குழந்தைக்கு அவை வேண்டாம்.

எப்போது ஷாம்பு போடலாம்?

குழந்தை பிறந்தவுடன் குளிப்பாட்டக் கூடாது. 24 மணி நேரமாவது கழிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எடை குறைந்த குழந்தைக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். முதல் மாதத்தில் தலைக்கு வெறும் தண்ணீரே போதும். அதன் பிறகும் தினமும் ஷாம்பு தேவையில்லை. வாரம் ஒரு முறையோ இரண்டு முறையோ போதும். தலையில் எண்ணெயை வழிய வழிய வைக்காதீர்கள். எண்ணெய் அதிகமானால் ஷாம்புவும் அதிகம் வேண்டும்.

எப்படிக் குளிப்பாட்டுவது?

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தண்ணீர் போகும் வழியில்தான் நுரையும் போகும். தண்ணீரைப் பின்பக்கம் போகவிட்டால் நுரையும் பின்பக்கம் போகும்.

முதலில் எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்து வையுங்கள். துண்டு, சொம்பு, ஷாம்பு, மாற்றுத் துணி எல்லாம் கைக்கு எட்ட வேண்டும். குழந்தையைத் தண்ணீர் அருகே தனியே விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட எழுந்து போகக் கூடாது. கொஞ்சம் தண்ணீரே குழந்தையின் உயிரைப் பறித்துவிடும்.

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு வெந்நீர் சேர்த்துக் கலக்குங்கள். முழங்கையை விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது. குளிரவும் கூடாது. வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

உடம்பை முதலில் குளிப்பாட்டுங்கள். தலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தலை வெகுநேரம் ஈரமாக இருந்தால் குழந்தைக்குக் குளிரும்.

காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பழக்கம் நம் நாட்டில் பல ஊர்களில் இருக்கிறது. அது நல்ல வசதி. குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். அதன் கால் உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கட்டும். தலை உங்கள் பாதத்தின் பக்கம் இருக்கட்டும். ஒரு கையால் கழுத்தையும் பின்தலையையும் தாங்குங்கள். முகம் மேலே பார்க்க வேண்டும். தலை லேசாகப் பின்னால் சாய வேண்டும்.

ஷாம்புவைத் தலையில் நேராகக் கொட்டாதீர்கள். ஒரு பட்டாணி அளவு போதும். அதை உங்கள் உள்ளங்கையில் விட்டுத் தண்ணீர் சேர்த்துக் குழையுங்கள். பிறகு உச்சியிலும் பின்தலையிலும் தடவுங்கள். நெற்றி ஓரத்தில் நுரை வேண்டாம். நகம் படாமல் விரல் நுனியால் மெல்லத் தேயுங்கள். உச்சிக்குழியைத் தொடப் பயப்பட வேண்டாம். அழுத்தாமல் தடவினால் ஒன்றும் ஆகாது.

இப்போது அலச வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. இதற்கு இன்னொருவர் துணை வேண்டும். அண்ணன்களே, இது உங்களுக்கு ஏற்ற வேலை! ஒருவர் தண்ணீர் ஊற்றட்டும். குழந்தையைத் தாங்குபவர் இன்னொரு கையை நெற்றியில் தாழ்வாரம் போல வைத்து மறைக்கட்டும். சொம்பை உயரத் தூக்கி ஊற்றாதீர்கள். தலைக்கு அருகில் வைத்து, நெற்றியிலிருந்து பின்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தனியாக இருந்தால் சொம்பே வேண்டாம். மெல்லிய துணியை நனைத்துத் தலையில் பிழிந்து விடுங்கள். திரும்பத் திரும்பத் துடைத்து எடுங்கள். நுரை போய்விடும்.

உட்காரும் வயதுக் குழந்தை தலையைக் குனியும். அப்போது நுரை முகத்தில் வழியும். எனவே மேலே பார்க்க வையுங்கள். “காக்கா எங்கே?” என்று கேளுங்கள். குழந்தை அண்ணாந்து பார்க்கும்போது ஊற்றுங்கள்.

தலை துவட்டியதும் சாம்பிராணிப் புகை போடாதீர்கள். புகை கண்ணையும் மூச்சையும் உறுத்தும். மென்மையான துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும்.

மீறிக் கண்ணில் போய்விட்டால்?

பதற வேண்டாம். கண்ணைத் தேய்க்காதீர்கள். முதலில் உங்கள் கையைக் கழுவுங்கள். எரிகிற கண் கீழே இருக்கும்படி குழந்தையின் தலையைச் சாய்த்துப் பிடியுங்கள். சுத்தமான, வெதுவெதுப்பான தண்ணீரை மூக்கின் ஓரத்திலிருந்து காதுப் பக்கமாக மெல்ல விடுங்கள். அப்போது அடுத்த கண்ணுக்குப் போகாது. சில நிமிடங்கள் இப்படிக் கழுவுங்கள். கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், நெய் எதுவும் விடாதீர்கள். வாயால் ஊதாதீர்கள். கழுவிய பிறகும் கண் சிவந்தே இருந்தாலோ, குழந்தை கண்ணைத் திறக்காவிட்டாலோ, வீங்கினாலோ, பீளை தள்ளினாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

பிறந்த குழந்தை உள்ள வீட்டுக்கு முதல் 42 நாள்களில் ஆஷா பணியாளர் பல முறை வந்து பார்க்கும் திட்டம் 2011 முதல் நடக்கிறது. அவர் வரும்போது குளியலைப் பற்றியும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

இப்போது நம் படிப்புக்கு வருவோம். ஷாம்பு பாக்கெட்டில் பெரும்பாலும் ஆங்கிலமோ இந்தியோதான் இருக்கும். “நான் தமிழ் மட்டும்தானே படித்தேன்” என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள். எண்கள் நமக்குத் தெரியும். தயாரித்த மாதமும் ஆண்டும் எண்ணில் இருக்கும். எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் இருக்கும். தேடிப் பாருங்கள். “இது குழந்தைக்கு உரியதா, பெரியவர்களுக்கு உரியதா?” என்று கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கண் எரியாது என்று எழுதிய குழந்தை ஷாம்புவும் உண்டு. எரிச்சல் குறைவு என்றுதான் அதற்குப் பொருள். அதையும் கண்ணில் விடாமல்தான் தேய்க்க வேண்டும்.

ஒரு செய்தி சொல்கிறேன். ‘ஷாம்பு’ என்ற சொல்லே நம் நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இந்தியில் ‘சாம்ப்னா’ என்றால் அழுத்திப் பிடித்துவிடுவது. பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் தீன் முகம்மது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் நடத்தி இந்த முறையைப் பரப்பினார். அன்று ஷாம்பு என்றால் நுரை இல்லை. கை செய்யும் வேலை. இன்றும் குழந்தைக்கு வேண்டியது நிறைய நுரை இல்லை. நிதானமான கைதான்.

எல்லோரும் நோட்டை எடுங்கள். இந்த நான்கு வரிகளை எழுதுங்கள்.

ஷாம்பு பட்டாணி அளவு.
முகம் மேலே பார்க்கட்டும்.
நெற்றியைக் கையால் மறை.
தண்ணீரைப் பின்பக்கம் ஊற்று.

வீட்டுக்குப் போய் இதைக் குளிக்கும் இடத்துச் சுவரில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு அக்காவுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள்.