மானியம் யார் கைக்கு?



கிழக்கேகோட்டையில் நின்று பார்த்தால் வயல் தெரியாது. பஸ்தான் தெரியும். ஆனால் விடியற்காலையில் சாலைக் கம்போளத்தில் வந்து இறங்குகிறதே வாழைக்குலையும் மரச்சீனியும், அது எங்கே விளைந்தது? நெடுமங்காடு, நெய்யாற்றின்கரை பக்கம் விளைந்தது. நாகர்கோவில் பக்கமிருந்தும் வருகிறது. அதை விளைவித்தவருக்கு அரசாங்கம் பணம் தருகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது?

விவசாயச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்வதுதான் மானியம். உரத்துக்கு மானியம் உண்டு. அது உரக் கம்பெனிக்குப் போகிறது. அதனால் மூட்டை விலை குறைகிறது. பத்து மூட்டை வாங்குபவருக்குப் பத்து மூட்டைக்கு லாபம். ஒரு மூட்டை வாங்குபவருக்கு ஒரு மூட்டைக்குத்தான்.

கிசான் பணம் வேறு மாதிரி. 2019-இல் தொடங்கிய திட்டம் இது. ஆண்டுக்கு 6000 ரூபாய். மூன்று தவணையாக நேரே வங்கிக்கு வருகிறது. யாருக்கு? நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. உழுகிறவர் யார் என்று அந்தத் திட்டம் கேட்பதில்லை.

ஒருவர் 50 சென்ட் நிலத்தைப் பாட்டத்துக்கு எடுத்து வாழை வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்று அவர் வாங்கியது. தண்ணீர் பாய்ச்சுவது அவர். காற்றடித்துக் குலை சாய்ந்தால் நஷ்டமும் அவருக்குத்தான். நிலத்துக்காரர் டவுனில் கடை வைத்திருக்கலாம். வரி ரசீது அவர் பெயரில் இருக்கிறது. கிசான் பணமும் அவர் கணக்குக்கே போகும். சொந்த நிலமுள்ள வீட்டிலும் இந்தக் கதை உண்டு. களை பறிப்பவர் மனைவி. பட்டா கணவர் பெயரில்.

பாட்டத்தை எழுதி வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கேரளத்தில் அது முடியாது. 1970 ஜனவரி 1 முதல் இங்கே நிலச் சீர்திருத்தச் சட்டம் குத்தகையை ஒழித்தது. அன்று உழுதவர்களுக்கு நிலம் சொந்தமானது. நல்ல சட்டம்தான். ஆனால் புதிதாகப் பாட்டம் கொடுப்பதையும் அது தடுத்தது. பாட்டம் நின்றதா? இல்லை. வாய்ப்பேச்சில் நடக்கிறது. எழுதிக் கொடுக்க நிலத்துக்காரர் பயப்படுகிறார். குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து செய்யும் விவசாயமும் பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது.

2020-இல் கேரள அரசு நெல்வயல் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு 2000 ரூபாய் ராயல்டி கொடுக்கத் தொடங்கியது. வயல் வீட்டுமனை ஆகாமல் இருக்க அது தேவைதான். அதுவும் உரிமையாளருக்கே.

உழுகிறவருக்குத்தான் கிடைக்கவில்லை. உழாதவருக்குக் கிடைத்ததும் உண்டு. அதே 2020-இல் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் பெயர் கிசான் பட்டியலில் ஏறியது. அதிகாரிகளின் ரகசியக் கடவுச்சொல் தரகர்கள் கைக்குப் போயிருந்தது. ஆதாரையும் பாஸ் புத்தகத்தையும் கொடுத்த பலர், கொரோனா உதவிப் பணம் என்றே நினைத்தார்கள். 110 கோடி ரூபாய்க்கு மேல் தவறாகப் போனது என்று அரசே சொன்னது. பிறகு வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். தரகர் வாங்கிய கமிஷனை யார் திருப்பித் தருவார்?

ஊரில் குத்தகைக்கு உழுகிற சொந்தக்காரர் உங்களில் பலருக்கு உண்டு. அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைக்காரர் தம் பெயரைப் பதிவு செய்யலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கலாம். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று அதில் இருக்கும். அதைக் கொண்டு பயிர்க் காப்பீட்டில் சேரலாம். அதற்குச் சொந்த நிலம் வேண்டியதில்லை. கேரளத்தில் என்றால் பஞ்சாயத்தில் உள்ள கிருஷிபவனுக்குப் போக வேண்டும். பாட்டக்காரருக்கு இப்போது என்ன திட்டம் இருக்கிறது என்று அங்கே கேட்கலாம்.

காப்பீட்டுக்கு ஒவ்வொரு பயிருக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. போனதும் முதலில் அதைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.