ஜன்னல் ஓரம்: எந்தப் பக்கம்?
(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது உபயோகமாகப் பேசுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே தத்துவம் வேண்டாம். விமானத்தில் எந்த ஜன்னலில் உட்கார்ந்தால் நல்ல காட்சி கிடைக்கும் என்று சொல்கிறேன். சிரிக்காதீர்கள். இதில் நான் இரண்டு முறை கோட்டை விட்டவன்.

என் அப்பா பூகோள வாத்தியார். முப்பத்திரண்டு வருஷம் தேசப்படத்தில் பிரம்பை வைத்து இமயமலையைக் காட்டியவர், நேரில் பார்த்ததில்லை. 2004 நவம்பரில், குவஹாத்தியில் இருந்த என் தங்கை வீட்டுக்கு டெல்லியிலிருந்து அவரை விமானத்தில் அழைத்துப் போனேன். கவுண்டரில், "அப்பாவுக்கு ஜன்னல் சீட் கொடுங்க" என்றேன். கொடுத்தார்கள். 'எஃப்' இருக்கை; வலது பக்கம். காலை வெயில் அவர் முகத்தில் அடித்தது. கீழே சமவெளி. எதிர்ப்பக்கத்தில் எல்லோரும் "ஆகா" என்று எட்டிப் பார்க்கிறார்கள். அப்பா கூச்ச சுபாவம்; எழுந்திருக்கவில்லை.

திரும்பும்போது விடுவேனா? "இடது பக்கம் 'ஏ' தான் வேணும்" என்று அடம்பிடித்து வாங்கினேன். விமானம் கிளம்பியது. மறுபடியும் சமவெளி, மறுபடியும் வெயில்! அப்பா மெதுவாகச் சொன்னார்: "திசை மாறினா பக்கமும் மாறும்டா. ரெண்டாங் கிளாஸ் பாடம்."

உண்மைதான். கிழக்கே பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் வடக்கு. மேற்கே பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் வடக்கு. விமானம் போகும் திசையைப் பார்த்து மனசுக்குள் நின்றுகொள்ளுங்கள், விடை கிடைத்துவிடும். டெல்லியிலிருந்து குவஹாத்திக்கோ பாக்டோக்ராவுக்கோ போனால் இமயம் இடப்பக்கம், 'ஏ'. திரும்பும்போது வலப்பக்கம், 'எஃப்'.

இரண்டாவது, வெயில். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போவது வடக்கு நோக்கி. காலையில் வலப்பக்கம் கண் கூசும், மாலையில் இடப்பக்கம். வெயிலுக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள்.

மூன்றாவது, இறக்கை. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்றவற்றில் ஏறத்தாழ 10 முதல் 20 வரையிலான வரிசைகளில் இறக்கைதான் தெரியும். அதற்குப் பின்னால் போனால் என்ஜின் வெப்பக்காற்றில் காட்சி கலங்கும். முன்வரிசைகளே நல்லது. ஆனால் 737-இல் இறக்கைக்குச் சற்று முன்னால், குளிர்சாதனக் குழாய் போகும் ஓரிடத்தில் ஜன்னலே இருக்காது, வெறும் சுவர்! சிறிய ஊர்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். விமானத்தில் இறக்கை மேலே இருப்பதால் தரை நன்றாகத் தெரியும்.

மாதமும் முக்கியம். மழைக்காலம் முடிந்த அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவு.

கதையை முடிக்கவில்லையே. திரும்பும் விமானத்தில், வலது ஜன்னலில் ஒரு கல்லூரிப் பையன். நாங்கள் பேசியது அவனுக்குப் புரிந்திருக்காது. அப்பா கழுத்தை நீட்டியது புரிந்திருக்கிறது. எழுந்து வந்து, "அங்கிள், நீங்க அங்க உட்காருங்க" என்று இங்கிலீஷில் சொன்னான். அப்பா போய் உட்கார்ந்த சிறிது நேரத்தில் காஞ்சன்ஜங்கா வந்தது. 8,586 மீட்டர், உலகத்தின் மூன்றாவது உயரமான சிகரம். அப்பா கண்ணாடியில் விரலை வைத்தார், தேசப்படத்தில் பிரம்பை வைப்பது போலவே. ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப்பின் அவர் விமானம் ஏறவேயில்லை.

அந்தப் பையன் நடைவழியிலேயே நின்றுகொண்டிருந்தான். பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றுவரை அந்தக் குறை இருக்கிறது.

தோழர்களே, நம்மில் பலருக்கு வாழ்க்கையில் ஜன்னல் சீட் கிடைத்துவிட்டது. இதோ பின்வரிசையில் தம்பி தங்கைகள் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். பத்து நிமிஷம் எழுந்து கொடுங்கள். தம்பி தங்கைகளே, நீங்கள் சீட்டு வாங்கும்போது திசையைப் பார்த்து வாங்குங்கள். அப்பா அம்மாவை அழைத்துப் போனால் இரண்டு முறை பாருங்கள்.